பெருமன்றம் நிலம் திருத்திய கதை

செம்பூரில் மண்டபம் கிடைப்பதும் காலை நேரத்து லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதும் ஒன்றுதான். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் மனசு வைத்துக் கொஞ்சம் நகர வேண்டும். அவர் நகர்வதற்கு ஒரு முகாந்திரத்தை நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டும்.

ஸ்டெர்லின் வெறுங்கையோடு போனான்.

தாராவியில் பிறந்தவன், குர்லாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கோவண்டிப் பெண் ஜெனிஃபருக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு என்று கோயிலில் சாமியார் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். காலையில் பூசை, சாயங்காலம் ரிசப்ஷன். தாராவிச் சனமும் கோவண்டிச் சனமும் ஒருவரை ஒருவர் குறைசொல்லாமல் வந்து சேரக்கூடிய நடு இடம் செம்பூர். செம்பூரில் அவர்கள் கைக்கு எட்டுகிற மண்டபம் ஒன்றே ஒன்று. அது கடல்சூழ் மும்பைத் தமிழ்ப் பெருமன்றத்துக்குச் சொந்தம்.

அது கிடைக்காவிட்டால் டோம்பிவிலியில் பெரியப்பா பிளாட்டுக்குக் கீழே பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்று ஜெனிஃபரின் அப்பா சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் பட்டுச்சேலையோடு லோக்கலில் யார் வருவார்கள் என்று அவள் கேட்டதற்கு, வருகிறவன் வரட்டும், வராதவன் சோறு மிச்சம் என்றார். அன்றைக்கே அவள் ஸ்டெர்லினிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"செம்பூர் ஹால பிக்ஸ் பண்ணு. நம்ம சனம் மொத்தமும் உக்காந்து சாப்பிடணும். இல்லன்னா எனக்கு ரிசப்ஷனே வேண்டாம். பூச முடிஞ்சதும் நான் டூட்டிக்குப் போயிருவேன்."

ஜெனிஃபர் சொன்னால் செய்கிற ரகம்.

பெருமன்றத்துக்கு ஒரு விதி உண்டு. தமிழுக்குத் தொண்டு செய்தவர்களுக்கே மண்டபம். தொண்டு எது என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். தலைவர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், பெரிய வங்கி ஒன்றில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வங்கிக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியவில்லை. மண்டபத்துக்குள்ளேயே மேடைக்குப் பக்கவாட்டில் அவருக்கு அறை. அங்கே போய் ஸ்டெர்லின் நின்றபோது வெளியே பகல், உள்ளே அந்தி. ட்யூப் லைட்டுகளில் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர் எல்லாம் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததால் எழுத்துக்கு நடுவே தப்பி வந்த வெளிச்சம்தான் கீழே விழுந்தது. மின்விசிறி இறக்கைகளிலும் உபயம் எழுதியிருந்தது. சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் விழா நாட்களில் அவற்றைப் போடக்கூடாது என்று ஒரு தீர்மானம் இருந்தது.

ஆனால் அன்று தலைவர் அவனை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்போல எழுந்து நின்றார்.

"வாங்கோ, உக்காருங்கோ. நீங்க கம்ப்யூட்டர்ல மரம் நடறேளாமே? பாலைவனம் காடா மாறிடறதாமே? நயினார் சொன்னார்."

நயினார் துணைத் தலைவர். தாராவியில் தோல் பை மொத்த வியாபாரம். போன வாரம் பிரிண்டர் ரிப்பேருக்காகக் கடைக்கு வந்தவர், ஸ்டெர்லின் சாப்பாட்டு நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்ததை நின்று பார்த்திருக்கிறார். பார்த்தது சரக்கு என்று அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

விளையாட்டு என்னவோ எளிதுதான். ஆளில்லாத ஓர் உலகத்தில் உங்களை இறக்கி விட்டுவிடுவார்கள். எங்கும் மணல். பசிக்கும், மிருகம் வரும், செத்துப் போகாமல் பிழைத்துக் கிடக்க வேண்டும். கன்று கிடைத்தால் நடலாம். ஒரு பாத்தியில் ஒரே வகை மரம் போதுமான அளவு வளர்ந்து, மற்றதையெல்லாம்விட அது அதிகமாக இருந்தால், அந்தத் தரையே மாறிவிடும். ஊசியிலை மரம் நட்டால் மலைக்காடு. தென்னை நட்டால் கடற்கரை. எது மிகுதியோ அதுதான் நிலம். நாலு பேர் சேர்ந்து பொழுதுபோக்கும் சமாச்சாரம். இதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று ஸ்டெர்லினுக்குப் புரியவில்லை.

தலைவர் புரியவைத்தார். டோம்பிவிலித் தமிழ்ச் சங்கம் எதையோ மொபைல் ஆப்பாக வெளியிட்டுப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. பெருமன்றத்துக்கு இது பொன்விழா ஆண்டு. ஆகவே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று தமிழன் பிரித்து வைத்த ஐந்து நிலத்தையும் கம்ப்யூட்டருக்குள் நட்டு வளர்த்து, பொன்விழா மேடையில் திறந்து வைப்பது. பெயர், எண்ணிம ஐந்திணை. டிஜிட்டலுக்கு மன்றத் தமிழ் எண்ணிமம். முதல் கட்டமாகப் பாலையை முல்லையாக்கினால் போதும். ஆக்கிக் கொடுத்தால் அது தொண்டு. தொண்டு என்றால் மண்டபம்.

ஸ்டெர்லின் கணக்குப் போட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. மண்டபம் இதைவிட மலிவாக எவனுக்கும் கிடைத்திருக்காது என்று சந்தோஷமாகப் படியிறங்கினான். பேரம் இவ்வளவு சுலபமாகப் படிந்தால் சரக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நயினார் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். ஸ்டெர்லின் ரிப்பேர்காரன்; அவனுக்கு அந்த வித்தை வராது.

அடுத்த வாரம் நிர்வாகக் குழுவில் அவனை முனைவர் பூலோகத்திடம் ஒப்படைத்தார்கள். இலக்கியப் பிரிவுச் செயலாளர். முனைவர் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் கடல் கடந்தது என்பார். வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட மேடைத் தமிழில் கேட்பவர் என்று பேச்சு. திரையில் பரந்து கிடந்த மணலை அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

"பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது தம்பி. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அது பாலை. இங்கேயோ எடுத்த எடுப்பிலேயே மணல் கிடக்கிறது. இது முல்லை வறண்ட மணலா, குறிஞ்சி வறண்ட மணலா? தாய் தகப்பன் தெரியாத மணலில் பெருமன்றம் எப்படிக் காலெடுத்து வைக்கும்?"

விளையாட்டே மணலில்தான் சார் தொடங்கும் என்று ஸ்டெர்லின் சொல்லிப் பார்த்தான். தொடங்கியவன் மரபு அறியாதவன் என்றார் பூலோகம். குழு விவாதித்தது. முதலில் மணலில் காடு வளர்ப்பது. பிறகு அந்தக் காட்டை வெட்டி அழித்து வறளவிடுவது. அப்படி முறையாகப் பிறந்த பாலையில் மறுபடி நட்டு முல்லையாக்குவது என்று தீர்மானமாயிற்று. ஒருவர்கூட மறுக்கவில்லை.

ஸ்டெர்லின் நட்டான். கடையில் கம்ப்யூட்டர்கள் வாய் பிளந்து கிடக்க, அவன் கன்று தேடி நட்டு, தண்ணீர் சுமந்து, ஆடு மேயாமல் வேலி கட்டி, சோலையாக ஒரு காடு வளர்த்தான். குயில்கூட வந்தது. பூலோகம் வந்து பார்த்து, காடுதான் என்று ஒப்புக்கொண்டு, வெட்டச் சொன்னார். வெட்டினான். முன்னிருந்த அதே மணல் வந்தது. பூலோகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இப்போது பாருங்கள், களையே வேறு" என்றார்.

ஜெனிஃபர் மத்தியானம் போன் செய்வாள். காதல் பேச வேண்டிய நேரத்தில் அவன் திணை பேசினான். குறிஞ்சியில் சேருவார்கள், முல்லையில் காத்திருப்பார்கள், பாலையில் ஓடிப்போவார்கள் என்று பூலோகம் அவன் காதில் ஓதியதையெல்லாம் அவன் அவள் காதில் இறக்கினான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாம் எதில் இருக்கிறோம் என்றாள். முல்லை என்றான்.

"காத்துக்கிட்டே கெடக்கதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காவளா? சாப்பாட்டுக்காரன் அட்வான்ஸ் கேக்கான். டேட் கெடச்சுதா, அதச் சொல்லு."

டேட் இன்னும் கிடைக்கவில்லை. எந்த மரம் என்பதே முடிவாகவில்லை.

முல்லை நிலத்துக்குக் கொன்றை என்று பூலோகம் சொன்னதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜில்லா இருந்தது, ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு மரம் இருந்தது. பனை இல்லாமல் திருநெல்வேலிக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார் நயினார். பொருளாளருக்குத் தென்னை. மகளிர் பிரிவுத் தலைவி ராஜலக்ஷ்மிக்கு வேம்பு. வேம்பில்லாத நிலத்தில் மகளிர் பிரிவு கால் வைக்காது. ஒரே வகை மரம் மிகுந்தால்தான் தரை மாறும் என்று ஸ்டெர்லின் கும்பிட்டுச் சொன்னான். தலைவர், எல்லாரையும் அரவணைத்துப் போவதுதான் மன்றத்தின் பாரம்பரியம் என்றார். எல்லாரையும் அரவணைத்து நட்டார்கள். மணல் மணலாகவே கிடந்தது.

கடைசியில் நயினார்தான் பேசிப் படியவைத்தார். மரம் எல்லாம் கொன்றையாகவே இருக்கட்டும். அவரவர் கையால் அவரவர் நட்டுக்கொள்ளட்டும். பை எந்தத் தோலில் தைத்தால் என்ன, மேலே ஒட்டுகிற சீட்டு நம்முடையதாக இருந்தால் சரி.

அவரவர் கையால் நடும் விழா மண்டபத்தில் நடந்தது. மவுசுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அது சறுக்கி வேறெங்கோ போயிற்று. துடைத்துவிட்டுப் பொட்டுமட்டும் வைத்தார்கள். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். தலைவர் பொன்னாடையோடு உட்கார்ந்து, விரலை உயர்த்தி, அமுக்கினார். திரையில் கன்று முளைத்தது. கைதட்டல். போட்டோகிராபருக்கு விரல் சரியாக விழவில்லை. "ஒன்ஸ் மோர் சார்" என்றான். தலைவர் மறுபடியும் அமுக்கினார். அந்த விளையாட்டில் கன்று நட்டு முடித்தால் அடுத்த பொருள் தானாகக் கைக்கு வரும். அடுத்த பொருள் கோடாலி. தலைவர் நட்ட கன்றைத் தலைவரே ஒரே வெட்டில் சாய்த்தார். படம் மட்டும் நன்றாக விழுந்தது.

கோடாலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்கட்டுமே என்று ஸ்டெர்லின் அவசரத்தில் தீவட்டியை வைத்தான். பொருளாளர் நட்டார், ஒன்ஸ் மோர் சார், பொருளாளர் கன்றும் பக்கத்தில் இருந்த ராஜலக்ஷ்மியின் கன்றும் சேர்ந்து எரிந்தன. இது வேண்டுமென்றே நடந்தது என்று மகளிர் பிரிவு வெளிநடப்புச் செய்து, சிற்றுண்டிக்குத் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் எல்லாரும் போனபின் ஸ்டெர்லின் தனியாக உட்கார்ந்து எல்லார் கன்றையும் தானே நட்டான்; சில வாரத்தில் அவை வளர்ந்து மணல் முல்லையாயிற்று. யாருக்கும் வருத்தமில்லை. அவரவர் நட்ட படம் அவரவர் கையில் இருந்தது.

பிறகுதான் கல் வந்தது.

மரம் இருக்கிறது, யார் நட்டது என்று எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி என்று குழு கருதியது. மரப்பலகையில் பெயர் எழுதி நடலாம், விளையாட்டில் அதற்கு வசதி இருக்கிறது என்றான் ஸ்டெர்லின். பலகையைக் கரையான் அரித்துவிடும் என்றார் பொருளாளர். கம்ப்யூட்டருக்குள் கரையான் கிடையாது என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கல்வெட்டு இல்லாமல் பெருமன்றம் இதுவரை ஒரு சாக்கடை மூடியைக்கூடத் திறந்ததில்லை.

விளையாட்டில் எழுத்துப் பொறிக்கக்கூடிய கல் ஒரே ஒரு வகைதான். ஆள் செத்து விழுந்த இடத்தில் முளைக்கிற கல் அது. ஸ்டெர்லின் தலைவரின் அறைக்குத் தனியாகப் போய்க் குரலைத் தணித்துச் சொன்னான்.

"சார், அது செத்தவங்களுக்கு வைக்கிற கல்லு."

தலைவர் சிரித்தார். "அதனாலென்ன? செத்தாலும் பேர் நிக்கணும்னுதானே கல்லே வைக்கறோம்."

இன்னொன்றும் இருக்கிறது சார், மரத்தைவிடக் கல் மிகுந்து போனால் விளையாட்டு அந்தத் தரையை முல்லையாக வைத்திருக்காது, வேறாக மாற்றிவிடும் என்றான். வேறாக என்றால் என்ன என்று தலைவர் கேட்கவில்லை. பொன்விழா அழைப்பிதழில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவருக்கு ஒரு கல் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒரு கல்லில் சில எழுத்துகள்தான் பிடிக்கும். தலைவர் பெயரே பாதிக் கல்லைத் தின்றுவிட்டது. முன்னாள் பதவிகளுக்கு இரண்டாவது கல். பூலோகத்துக்குப் பட்டங்கள் தனி, நூல்கள் தனி. நயினாருக்குக் கடை பெயரும் போன் நம்பரும். அவற்றோடு பை விற்பனை விவரமும் போடச் சொல்லி, ஸ்டெர்லின் தயங்கியதும் தோளில் கைபோட்டார்.

"எலே, மரம் இன்னைக்கி நிக்கும், நாளைக்கிப் பட்டுப்போவும். கல்லு கெடக்கும்லா. வியாவாரம் அதுலதான் இருக்கு. நீ சின்னப் பையன், ஒனக்கு வெளங்காது."

"அண்ணாச்சி, டேட்டு?"

"டேட்டு எங்க ஓடிப்போவப் போவுது? நான் இருக்கம்லா."

காலமான முன்னாள் தலைவர்களுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும் என்று அவர்களின் குடும்பத்தார் வந்து கேட்டார்கள். குழு அனுதாபத்தோடு பரிசீலித்து, உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாத நிலையில் இறந்தவர்களுக்குக் கல் வைக்க இயலாது என்று மறுத்துவிட்டது. பிறகு இடம் போதாமலே போனதால், கல்லை மறைத்துக்கொண்டு நின்ற கொன்றைகளை அகற்றும்படி ஸ்டெர்லினுக்கு உத்தரவாயிற்று. அவன் கோடாலியை எடுத்தான். தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். ஒவ்வொன்றையும் வெட்டும்போது இது மேடைக்குப் பக்கம் போடுகிற ஐஸ்கிரீம் ஸ்டால், இது தாராவிச் சித்தப்பாக்கள் உட்காரும் வரிசை, இது ஜெனிஃபர் நடந்து வருகிற வழி என்று மண்டபத்தை நினைத்துக்கொண்டு வெட்டினான். வேறெதையும் நினைத்தால் கை ஓடவில்லை.

பொன்விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மின்விசிறி ஓடவில்லை. சிறப்பு விருந்தினராகத் தமிழ்நாட்டிலிருந்து சிமென்ட் அதிபர் ஒருவர் விமானத்தில் வந்திருந்தார். பெரிய திரையில் முல்லை நிலம் பச்சையாக விரிந்தது. எண்ணிப் பார்த்தால் கல்லும் மரமும் சரிக்குச் சரி. இன்னும் ஒரு கல்தான் பாக்கி. அது சிறப்பு விருந்தினருடையது. ஸ்டெர்லின் கம்ப்யூட்டர் அருகில் நின்றான். மேடைக்குக் கீழே ஒரு தூணோரம் ஜெனிஃபரும் வந்து நின்றிருந்தாள். மண்டபத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிமென்ட் அதிபர் மவுசை அமுக்கினார். கல் விழுந்தது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை வடிந்தது. திரையில் இருட்டு ஏறிற்று, எங்கிருந்தோ பனிமூட்டம் புகை மாதிரி வந்து படர்ந்தது. காகம் கத்தியது. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலிருந்தும் மங்கலாக ஓர் உருவம் எழுந்தது. கல்லில் இருந்த பெயரைத் தலைக்குமேல் சுமந்துகொண்டு அவை நடந்தன. தலைவர் உருவம் இரண்டு. ஒன்று முன்னாள் பதவிகளோடு. நயினார் உருவம் போன் நம்பரோடு போயிற்று. பூலோகங்கள் மூன்று பேர் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எல்லாம் சேர்ந்து சிறப்பு விருந்தினர் கல்லை நோக்கி ஊர்ந்து, போகிற வழியில் மிச்சமிருந்த கொன்றைகளைக் கடித்துத் தின்றன.

பின்வரிசையில் யாரோ, ஐயோ சுடுகாடு என்றார்கள். ஸ்டெர்லின் கண்ணை மூடிக்கொண்டான். போயிற்று. ஹாலும் போயிற்று, டேட்டும் போயிற்று. மொத்தமாக முடிந்தது.

பூலோகம் ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"பனியைப் பாருங்கள். நள்ளிரவைப் பாருங்கள். பனியும் நள்ளிரவும் எந்த நிலத்துக்கு உரியவை? குறிஞ்சிக்கு. முல்லையைக் கேட்டோம், நம் பெருமன்றத்தின் தவம், நமக்குக் குறிஞ்சியே வாய்த்திருக்கிறது. இதோ உலவுகிறவர்கள் நடுகல்லில் நின்ற மாவீரர்கள். அவர்கள் முகத்தை உற்றுப் பாருங்கள். தெரிந்த முகங்கள்."

இடி மாதிரிக் கைதட்டல். ஊட்டி மாதிரியே இருக்கிறது என்று ராஜலக்ஷ்மி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சேலையைத் தோளோடு போர்த்திக்கொண்டாள். வேர்வையில் நனைந்தபடி எல்லாருக்கும் குளிர்ந்தது. சிமென்ட் அதிபர் நெகிழ்ந்து பேசினார். "மலையை உடைத்துப் பிழைக்கிறவன் நான். மறைப்பானேன்? இன்று ஒரே விரலால் ஒரு மலைநாட்டையே உண்டாக்கிவிட்டேன். இனி என் மனசாட்சி தூங்கும். மரம் வளர இருபது வருஷம். பெயர் வளர ஒரு நிமிஷம் போதும் என்று எனக்குக் காட்டிய மன்றம் இது."

ஸ்டெர்லினுக்கு உயிர் வந்தது. விழா முடிந்து நிர்வாகிகள் மேடையிலேயே நாற்காலி போட்டுக் கூடியிருந்தார்கள். அவன் போய் நின்று, ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு என்றான். தலைவர் அன்போடு அவன் கழுத்தில் ஒரு பொன்னாடையைப் போட்டுக் கையைப் பிடித்தார்.

"பேஷாப் பண்ணினேள். உங்களாலதான் இது நடந்தது. உங்க தொண்டை உத்தேசிச்சு இப்பத்தான் தீர்மானம் போட்டோம். இன்னிலேர்ந்து இது கல்யாண மண்டபம் இல்லை. எண்ணிமக் குறிஞ்சி நிரந்தர அரங்கம். வேற எந்த நிகழ்ச்சிக்கும் விடப்போறதில்லை. திரையை அணைக்கவே கூடாது. நீங்கதான் ஆயுள்காலக் கௌரவக் காப்பாளர்."

ஸ்டெர்லினுக்கு விளங்கிற்று. மாசக்கணக்கில் மணலை வெட்டி நிலமாக்கியவன், கடைசியில் தன் மண்டபத்தையே வேறாக்கிவிட்டிருந்தான். சார், என் ரிசப்ஷன் என்று ஒருவழியாகச் சொன்னான். ரிசப்ஷன் எங்கே வேண்டுமானாலும் நடத்தலாம், குறிஞ்சியை எங்கே வேண்டுமானாலும் நடத்த முடியுமா என்றார் பொருளாளர்.

அப்போது ஜெனிஃபர் மேடையேறி வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எந்தத் தடித்த கையிலும் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். நேராகப் பூலோகத்திடம் போனாள்.

"சார், குறிஞ்சின்னா அங்க என்ன நடக்கணும்? இவரு தெனமும் சொல்லுவாரு. பையனும் பொண்ணும் சேரணும், அதான?"

தலைவர் இருமினார். பூலோகம் நிமிர்ந்து, "ஆம் மகளே. அதுவே அதன் உயிர்" என்றார்.

"அது இல்லாம வெறும் கல்லும் பனியுமா கெடந்தா அது குறிஞ்சியா?"

பூலோகம் தாடையைத் தடவினார். மரபின்படி ஆகாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நிர்வாகிகள் முகம் கறுத்தது. திரையில் உயிரில்லாத குறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. டோம்பிவிலிக்காரர்கள் காதுக்கு இது போனால் என்ன ஆகும்?

"அப்ப அந்த ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து சேந்துக்கிடுதோம். ஒங்க திணை கம்ப்ளீட், எங்க ரிசப்ஷனும் கம்ப்ளீட்."

நயினார் தொடையில் தட்டிக்கொண்டார். "நம்ம சரக்க நம்ம கடையிலயே திருப்பி வித்துட்டா பாத்தியளா" என்று தலைவரிடம் முணுமுணுத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸ்டெர்லின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பூலோகம் கையை உயர்த்தினார். ஒரு சிறு நிபந்தனை. குறிஞ்சிக்கு உரியது களவு. ஊரார் அறியக் கூடாது. பெற்றோர் அறியவே கூடாது. ஆகவே அழைப்பிதழ் கிடையாது, உற்றார் உறவினர் கிடையாது, பந்தி கிடையாது. தோழி ஒருத்தி வரலாம். சாப்பாடு தேனும் தினைமாவும். நிலத்துக்குரிய தெய்வம், பறை, விலங்கு, பறவை ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்பதால் நிர்வாகிகள் முன்வரிசையில் அமர்வார்கள். தலைவர் தெய்வம். நயினார் பறை. ராஜலக்ஷ்மி மயில். பூலோகம் தன்னைப் புலியாக எழுதிக்கொண்டார். ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேசுவார்கள்.

"எங்க சனம் மொத்தமும் எங்க சார் உக்காரும்?" என்றான் ஸ்டெர்லின்.

"வெளியே, தம்பி. அவர்களுக்குத் தெரியாது அல்லவா."

ஜெனிஃபர் கோபப்படவில்லை. மறுபடி பூலோகத்தின் பக்கம் திரும்பினாள்.

"யாரையும் கேக்காம பையனும் பொண்ணும் கெளம்பிப் போயிட்டா அது எந்தத் திணை சார்?"

"உடன்போக்கு. பாலைத் திணை."

"அதுக்கு மண்டபம் வேணுமா?"

"வேண்டாம். மணலும் வெயிலும் போதும்."

"நிர்வாகிங்க வரணுமா?"

பூலோகம் உண்மையாகவே யோசித்தார். "பாலைக்கு எவரும் வரமாட்டார்கள், அம்மா."

"பஸ். அது போதும்" என்று பாதி இந்தியில் சொன்னாள் ஜெனிஃபர். ஸ்டெர்லினைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவன் கழுத்தில் கிடந்த பொன்னாடையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கோவண்டியில் பள்ளிக்கூட மைதானம் கிடக்கிறது, ஹெட்மாஸ்டருக்கு மாசாமாசம் நான்தான் ரத்தம் எடுக்கிறேன், கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார், வெயிலாக இருக்கும், காலெல்லாம் மணலாகும், நம்ம சனம் எல்லாம் வந்து உட்காரும் என்று நடந்துகொண்டே சொன்னாள். அவன் தலையாட்டினான். பல மாசத்துக்குப் பிறகு யாரோ அவனிடம் ஒரு விஷயத்தை அர்த்தத்தோடு பேசுகிறார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டுமுன் மேடையில் மணி அடித்துக் கூட்டம் ஒழுங்குக்கு வந்தது. தலைவரின் குரல் வெளிப்படிக்கட்டு வரை தெளிவாகக் கேட்டது. குறிஞ்சியைத் தொடர்ந்து பெருமன்றத்தின் பாலைத் திணையும் இன்று இளஞ்சோடி ஒன்றின் உடன்போக்கால் இனிதே தொடங்கிவைக்கப்பட்டது. கொடியசைத்து வழியனுப்பியவர்… அந்த இடத்தில் சற்று நிறுத்தினார். கொடியசைத்தது தலைவர்தான் என்று பொருளாளர் முன்மொழிந்தார். இலக்கியப் பிரிவு ஒரு திருத்தம் கொண்டுவந்தது.

"கடைசியா அந்தப் புள்ளையப் பாத்துத் தலையாட்டுனது நான்தாம்" என்றார் நயினார்.

வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.